கரையாத சாம்பல்

தை பிறந்து பத்து நாள்.
பாபநாசம் சாலையில் பாதியை
நெல் எடுத்துக்கொண்டது.
மீதிப் பாதியில் பேருந்துகள்.
இரண்டுக்கும் நடுவே
ஒரு முழ அகலத்தில்
சபுராமா காயவைத்த மாதுளைத் தோல்
மூன்று சாக்காக வந்து
என் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறது.

ராஜகிரி தொடங்கி
கும்பகோணம் பேருந்து நிலையம் வரை
பதினோரு ஜூஸ் கடைகளின் கூடை.
முத்து போனது யார் வாய்க்கோ.
கூடு மட்டும் மருந்துக்கு.

அந்தப் பக்கச் சுவரோரம்
குணபாலன் ஏஜென்சியின் ஐந்து மூட்டை.
தைத்த வாய், அச்சடித்த சீட்டு,
உள்ளே ஒரே அளவில் சில்லுகள்,
பெண் பார்க்க வருகிறார்கள் என்று
படிய வாரிவிட்ட தலை மாதிரி.

எடுத்து ஒடிக்கிறேன்.
சட்டென்று ஒடிந்தால் ஈரமில்லை.
வளைந்து யோசித்தால் இன்னும் மூன்று வெயில்.
உள்பக்கம் மஞ்சள் நிற்கவேண்டும்,
முத்துகள் பதிந்திருந்த பள்ளம்
அம்மைத் தழும்பாகத் தெரியவேண்டும்.
பூசணம் இருந்தால்
மூக்குக்கு முன்பே கைக்குத் தெரிந்துவிடும்.

பிறகு உலை.
இரண்டு கிராம் தோல்
அறுநூறு டிகிரியில் திருநீறாகும்.
அதில் அமிலம் விட்டுக் கொதிக்கவைத்தால்
மரம் மண்ணிடம் வாங்கியதெல்லாம் கரைந்துபோகும்.
கரையாமல் அடியில் நிற்பது
சாலையில் ஒட்டிக்கொண்டது.

சபுராமாவின் மூசையில்
காவிரி நின்றது.
லாரி லாரியாக அள்ளியும் தீராமல்
ஒரு சிட்டிகை
இங்கே வந்து ஒளிந்திருக்கிறது.
நூற்றுக்கு ஒன்று அனுமதி.
இருப்பது இரண்டே கால்.

குணபாலன் மூட்டையில் மணலே இல்லை.
சாம்பலும் பேருக்குத்தான்.
மேலாளர் எட்டிப் பார்த்து
"சரக்குன்னா இது" என்று போனார்.

எனக்கு அதுதான் இடறியது.
மண்ணில் விளைந்த ஒன்று
இத்தனை சுத்தமாக வர
அதற்கு என்ன நேர்ந்திருக்கும்?

கஷாயம் இறக்கி இரண்டு சோதனைக் குழாய்.
இரும்புக் கரைசல் ஒவ்வொரு சொட்டு.
சபுராமாவுடையது மையாகிவிட்டது,
பேனாவில் ஊற்றிப் பேரேடு எழுதலாம்.
மற்றது
தேர்தல் முடிந்தும் அவிழ்க்காத கொடித்துணி,
நிறமா இல்லையா என்று நின்றது.

நாக்கில் வைத்தேன்.
விதிகளில் நாக்குக்கு இடமில்லை; வைத்தேன்.
மணலோடு நறநறத்த ஒன்று
கன்னத்தை உள்ளிருந்து பிடித்திழுத்தது.
மற்றது அட்டை.

ஏதோ ஒரு சாயப்பட்டறை அண்டாவில்
நூலுக்குத் தன் மஞ்சளை முழுக்கக் கொடுத்துவிட்டு
திரும்பக் காய்ந்து, வெட்டுப்பட்டு,
மருந்தென்று வந்திருக்கிறது.
தோலிருக்கச் சுளை விழுங்கி என்பார்கள்.
இங்கே சுளை போனபிறகு
தோலிருக்கத் தோலையே விழுங்கியிருக்கிறார்கள்.

வயிறு நிற்காமல் போகும் பிள்ளைக்கு
இந்தச் சூரணத்தைத் தேனில் குழைத்துக் கொடுப்பார்கள்.
நிற்குமா என்று சாமியைக் கேட்பார்கள்.
என்னைக் கேட்கமாட்டார்கள்.

இரண்டையும் தள்ளினேன்.
படிவத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்: நிராகரிப்பு.
காரணம் எழுத விட்ட கட்டம்
கட்டைவிரல் அகலம்.
குணபாலனுக்கு "சாறு எடுத்த சக்கை" போதும்.
சபுராமாவுக்கு எழுதினேன்:
"துவர்ப்பு நன்று. மணல் அதிகம்.
ஊறவிடாமல் ஒரு தடவை அலசி,
தரையில் வேண்டாம்,
பழைய மீன்வலை கட்டிய கட்டிலில் காயவைக்கவும்.
மறுபடி கொண்டுவரவும்."
எழுத்து கட்டத்தைத் தாண்டி
மேலாளர் கையெழுத்திடும் இடத்தில் ஏறிவிட்டது.

சீட்டை மடித்துக்கொண்டு அவள்
"வண்டிக் கூலி யாரு தருவா?" என்றாள்.
அதற்கு என்னிடம் சோதனை இல்லை.
மூன்று சாக்கையும் ஆட்டோவில் ஏற்றினோம்,
ஆளுக்கொரு முனை பிடித்து.

இரவு
குழம்பைக் கரண்டியில் நீட்டி
"உப்பு பாரு" என்றார் வீட்டுக்காரர்.
பார்த்தேன்.
நாக்கு இன்னும் சபுராமா பக்கம்.
"சரியாத்தான் இருக்கு" என்றேன்.
பொய்யாகவும் இருக்கலாம்.